கற்றதைக் கணக்கில் எழுது





பண்டிதர் அயோத்திதாசர் எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்? எதிலும் இல்லை. 1845இல் பிறந்து, குருவிடம் தமிழும் சித்த மருத்துவமும் கற்று, குருவின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டவர் அவர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். இன்று அவர் எழுத்தை ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்குகிறார்கள். அவர் உயிரோடு வந்து ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கேட்டால், “பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கே?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

பண்டிதர் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். தன் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளை அதிகாரியிடம் பட்லராக வேலை பார்த்தவர். அவர் கொடுத்த ஏட்டுச் சுவடி வழியாகத்தான் திருக்குறள் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று எழுதுகிறார். குறள் அச்சேறிய கதையைச் சொல்லும் எத்தனை பாடநூல்களில் அந்தப் பட்லரின் பெயர் இருக்கிறது? அறிவு நம்மிடம் இருந்தது. கணக்கு வேறு பெயரில் எழுதப்பட்டது. இன்றைய என் பேச்சின் மையம் இதுதான்: ஒருவர் கற்றது யார் கணக்கில், எந்த ஏட்டில் எழுதப்படுகிறது?

என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். என் தங்கை 2003இல் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். நான்கு செமஸ்டர், ஒரு அரியர் கிடையாது. அந்த ஆண்டு அப்பாவுக்குக் கல்குவாரியில் கால் போனது. உதவித்தொகை வரவில்லை, கட்டணம் பாக்கி. படிப்பை நிறுத்தினாள். பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்று கல்லூரி சொல்லிவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். செக்கிங்கில் தொடங்கி, லைன் சூப்பர்வைசர் ஆகி, பீஸ் ரேட் கணக்கும் ஷிப்மென்ட் கணக்கும் அவளே போட்டாள். 2014இல் தொலைதூரக் கல்வியில் பி.காம். சேரப் போனபோது, முதலாண்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். தேர்ச்சி பெற்ற நான்கு செமஸ்டரும் செல்லாது. ஒன்பது ஆண்டு தினமும் போட்ட கணக்கும் செல்லாது. பட்டம் கையில் வந்தபோது அவளுக்கு 31 வயது. “கணக்குப் பதிவியல் பரீட்சை எழுதும்போது சிரிப்பு வந்துச்சுண்ணா” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே நிலையில் பாபாசாகேப்பும் இருந்தார். 1916இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். பரோடா உதவித்தொகை முடிந்ததால் 1917இல் பாதியில் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. புறப்படும் முன், நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதியை லண்டன் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டார். பம்பாயில் பேராசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, சாகு மகராஜின் உதவியும் நண்பரிடம் வாங்கிய கடனுமாக 1920இல் திரும்பினார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. அந்த அனுமதி மட்டும் இல்லாதிருந்தால்? பாதியில் விட்டவர் திரும்பி வர ஒரு கதவு திறந்திருப்பது நமக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இப்போது அரசே கதவைத் திறக்கிறேன் என்கிறது. 2021 ஜூலையில் யுஜிசி ‘கல்விக் கிரெடிட் வங்கி’ விதிகளை வெளியிட்டது. 2023இல் தேசிய கிரெடிட் கட்டமைப்பு வந்தது. 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஓர் ஆண்டுக்கு 40 கிரெடிட். ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டில் டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம். ஒரு கல்லூரியில் சேர்த்த கிரெடிட்டை இன்னொன்றுக்குக் கொண்டு போகலாம்; பட்டம் தரும் நிறுவனத்தில் பாதியாவது படித்திருக்க வேண்டும். வேலை அனுபவத்துக்கும் கிரெடிட் உண்டு என்று கட்டமைப்பு சொல்கிறது.

நம் தோழர்கள் பலர் இதை எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் சரியானது. நடுவில் வெளியேறப் போவது யார்? கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை. விடுதியில் சாதி சொல்லி அவமானப்படுத்தப்பட்ட பிள்ளை. அவளை வெளியே தள்ளிவிட்டுக் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தால், இடைநிற்றல் என்ற குற்றமே கணக்கிலிருந்து மறைந்துவிடும். ஆனால், எதிர்ப்பதோடு நின்றுவிட்டால் என் தங்கையின் நான்கு செமஸ்டர் திரும்பி வருமா? வராது. ஆகவே எதிர்ப்போடு கோரிக்கையும் வேண்டும் என்கிறேன்.

முதல் கோரிக்கை காலவரம்பு பற்றியது. வங்கியில் சேர்ந்த கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டுகள்தான் செல்லும். என் தங்கை திரும்பி வந்தது ஒன்பதாவது ஆண்டில். இந்தப் புதிய சட்டம் அன்றே இருந்திருந்தாலும் அவள் முதலாண்டில்தான் உட்கார்ந்திருப்பாள். கடனை அடைத்து, தம்பி தங்கையைக் கரையேற்றி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வரும் நம் பெண்களின் காலக்கணக்கு இந்த ஏழுக்குள் அடங்காது.

இரண்டாவது, பாக்கிக்காகச் சான்றிதழை அடகு பிடிப்பது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே சொல்லிவிட்டது. இந்த அறிவிப்பை ஒவ்வொரு மாணவரும் கையில் வைத்திருக்க வேண்டும். கல்லூரி பதிவேற்றினால்தானே கிரெடிட் வங்கிக்குப் போகும்?

மூன்றாவது, திரும்பி வருபவருக்கு இடஒதுக்கீடும் உதவித்தொகையும் மறுபடி உண்டா? கதவைத் திறந்துவிட்டு நுழைவுக் கட்டணம் கேட்டால் அது யாருக்கான கதவு?

நான்காவதுதான் மிக முக்கியமானது, மிக ஆபத்தானதும்கூட. முன்கற்றலுக்கு அங்கீகாரம். பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இது ஏற்கெனவே இருக்கிறது. செய்கிற வேலையைச் சோதித்து, அதே வேலைக்குச் சான்றிதழ் தருவார்கள். தோல் பதனிடுபவருக்குத் தோல் பதனிடுபவர் என்றும் துப்புரவுத் தொழிலாளிக்குத் துப்புரவுத் தொழிலாளி என்றும் அட்டை கிடைத்தால், மனு எழுதியதை அரசு லேமினேட் செய்து கொடுத்ததாகத்தான் ஆகும். நமக்கு வேண்டியது வேறு. பறை வாசிப்பவரின் தாளக் கணக்கு இசைப் பட்டப் படிப்பில் கிரெடிட்டாக வேண்டும். பிரசவம் பார்த்த அம்மாவின் அறிவு செவிலியர் படிப்புக்குப் படியாக வேண்டும். தொழிற்சங்கத்தில் வழக்கு நடத்தியவருக்குச் சட்டப் படிப்பில் கணக்கு வேண்டும். நாம் கேட்கும் அங்கீகாரம் அந்தத் தொழிலிலிருந்து வெளியே போகும் வழி.

இப்படிச் செய்ய முடியுமா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். நிறவெறி ஆட்சி கறுப்பினத் தொழிலாளிக்குத் திறமை இருந்தும் சான்றிதழ் தரவில்லை. உலோகத் தொழிலாளர் சங்கம் அதைக் கோரிக்கையாக்கியது. 1995இல் வந்த தகுதிக் கட்டமைப்புச் சட்டம், கல்வியிலும் வேலையிலும் நடந்த பழைய அநீதியைச் சரிசெய்வதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதிக்கொண்டது. நம் கட்டமைப்பில் சாதி அநீதி பற்றி அப்படியொரு வரி ஏன் இல்லை என்று நாம் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டு சேர்கிறார். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாமாண்டு சேர்கிறார். அங்கே யாரும் தரம் கெட்டது என்று புலம்புவதில்லை. ஆனால், பள்ளிப் படிப்பு முடிக்காதவர்கள் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டம் வாங்கியபோது, அரசுப் பணிக்கு 10, +2, பட்டம் என்ற வரிசை கட்டாயம் என்று சொல்லப்பட்டது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் வாங்கிப் படிக்க வைத்த பல்கலைக்கழகங்கள் தப்பித்தன, படித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஒரு கையால் கொடுக்கும் பட்டத்தை மறுகையால் செல்லாது என்று சொல்லும் அரசை நம்பி மறுபடியும் ஏமாறக் கூடாது. வேலைவாய்ப்பு விதிகளையும் சேர்த்து மாற்றாத எந்தக் கிரெடிட்டும் செல்லாக் காசுதான்.

மாணவத் தோழர்களே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். ஊருக்குப் போனதும் உங்கள் தெருவில் படிப்பைப் பாதியில் விட்டவர்களின் பட்டியலை எழுதுங்கள். எத்தனை செமஸ்டர் முடித்தார், மார்க் ஷீட் எங்கே இருக்கிறது, அதன்பின் என்ன வேலை கற்றார் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தோடு பல்கலைக்கழக வாசலில் போய் நிற்போம்.

கந்தப்பனின் பெயரை அவர் பேரன்தான் எழுதினார். நம் வீட்டுப் பெயர்களையும் நாம்தான் எழுத வேண்டும்.