உண்ணிதானே என்று விட்டுவிடாதீர்கள்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அட்டை கடித்தால் இரத்தம் வழியும், அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்ணி கடித்தால் வலிக்காது. நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பசித்த உண்ணி எள்ளைப் போலத் தட்டை. இரத்தம் குடித்தால் ஆமணக்கு விதை போல உப்பிவிடும். குஞ்சு உண்ணியோ ஊசிமுனை அளவுதான். அழுக்கு என்று நினைத்துவிடுவோம்.

மலைக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள். நீளக் காற்சட்டையின் நுனியை மேஸுக்குள் செருகுங்கள். புல்லில் அப்படியே உட்காராமல் படங்கை விரித்து உட்காருங்கள். வேலை விட்டு வந்ததும் காது மடல், பிடரி, அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் பார்த்துக் குளியுங்கள். நாயோடும் மாட்டோடும் விளையாடும் பிள்ளைகளின் தலையையும் காதையும் தினமும் பாருங்கள்.

ஒட்டிய உண்ணிக்கு மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், திருகாமல், நேராக இழுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காதுக்குள் போயிருந்தால் கொண்டை ஊசியால் குத்தாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முக்கியமான விஷயம் இதுதான். கடித்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பு வலி வந்தால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். சிலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடச் சிவப்புப் புள்ளிகள் வரும். மலைநாட்டில் இந்தக் காய்ச்சல் உண்டு. நேரத்தோடு போனால் மாத்திரையிலேயே குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் பேர் போய்விடுமே என்று பனடோல் குடித்துவிட்டு மலை ஏறாதீர்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "தேயிலை மலையில் வேலை செய்கிறேன், உண்ணி கடித்தது." அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றலாம்.

ஆனால் எல்லாவற்றையும் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. புல் வெட்டாமல் காடாகிக் கிடக்கும் மலைக்குள் இறக்கிவிட்டுக் கவனமாக இரு என்று சொல்வது நியாயமா? மலையைத் துப்புரவாக வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. வேலை முடிந்து குளிக்க லயத்தில் தண்ணீர் வேண்டும். டிஸ்பென்சரியில் இடுக்கி வேண்டும்.

காடாகிப்போன மலைகளின் நம்பர்களை இந்த வாரமே தலைவரிடமும் மாதர் தலைவியிடமும் கொடுங்கள். அவற்றைச் சேர்த்து நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுப்போம். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.