சதுர அடியில நாள் அடங்காது

வீட்டு முகப்பைப் பத்திப் பேச ஆரம்பிச்சதுல இருந்து உங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது: "செங்கல் டைல் ஒட்ட எத்தனை நாள் ஆகும்?" இதே கேள்விக்கு நான் ஒருமுறை தப்பான பதில் சொன்னேன். இன்னைக்கு அந்தக் கதைதான்.

கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலை ஏறினா வெள்ளிமலை. அந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு. பூச்சு முடிஞ்ச சுவர் மேல செங்கல் டைல் வேணும்னு கேட்டாங்க. 9 அங்குல நீளம், 3 அங்குல உயரம், முக்கால் அங்குல கனம். ஒட்டி முடிச்சா பூசாத செங்கல் சுவர் மாதிரியே இருக்கும்.

மொத்தம் 300 சதுர அடி. முன்சுவர் 180, ரெண்டு தூண் 120. ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஒரு நாளைக்கு 60 சதுர அடி ஒட்டிடுவாங்கன்னு நினைச்சேன். 300-ஐ 60-ஆல வகுத்தா 5 நாள். போனில் ரெண்டு நிமிஷத்துல கணக்கு முடிஞ்சது. கூலி மொத்தமா 9,000 ரூபாய்னு பேசினேன். கீழே இருந்து ஒரு கொத்தனார் அண்ணன் ஒத்துக்கிட்டார். சித்தாள் வேலைக்கு மலையிலேயே ஒரு அக்கா வந்தாங்க.

வேலை முடிய 11 நாள் ஆச்சு.

எங்கே போச்சு அந்த 6 நாள்? யாரும் சும்மா உட்காரலை. பூச்சைக் கொத்தி, தூசி தட்டி, நனைச்சு, ரசமட்டம் பார்த்து நூல் கட்டவே ஒன்றரை நாள். முன்சுவருக்கு நான் நினைச்ச மாதிரியே 3 நாள். ஆனா அதைவிடச் சின்னதான ரெண்டு தூணுக்கு 4 நாள்!

காரணம் எளிசு. 10 அடி உயரத்துக்கு சுமார் 36 வரிசை வரும். ரெண்டு தூணுக்கு 8 முகம், அப்போ 288 வரிசை. ஒன்றரை அடித் தூணுல டைல் ஒட்டினதும் முகம் கிட்டத்தட்ட 20 அங்குலம் ஆயிடும். ரெண்டு முழு டைல் 18 அங்குலம்; மிச்சத்துக்கு ஒவ்வொரு வரிசையிலும் ஒரு துண்டாவது வெட்டணும். ஒரு துண்டை அளந்து வெட்டி வைக்க 3 நிமிஷம்னாலும் 14 மணி நேரத்துக்கு மேல. அதுவே ரெண்டு நாள் வேலை. மூலையைச் சாய்ச்சு வெட்டுறது தனி.

அப்புறம் சந்துகளுக்கு பாயிண்டிங் ஒன்றரை நாள். கழுவித் துடைக்க அரை நாள். மழையில அரை நாள். கூட்டிப் பாருங்க, 11.

இப்போ கூலிக் கணக்கு. அக்காவுக்கு நாள் கூலி 600, அதைக் கொடுக்க வேண்டியவர் கொத்தனார். 11 நாளுக்கு 6,600. பேசின 9,000-ல மிச்சம் 2,400. பதினோரு நாள் வேலை செஞ்ச கொத்தனார் கையில 2,400 ரூபாய்! அவர் சண்டை போடலை. "நீங்க படிச்சவரு தம்பி, கணக்குப் போட்டுத்தான சொல்லியிருப்பீங்க"ன்னு மட்டும் சொன்னார்.

அக்கா ஒருநாள் டீ குடிக்கும்போது அவங்க தாத்தா காலத்தைப் பத்திச் சொன்னாங்க. கல்வராயன்மலை 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில இருந்தது. அவங்க நிலத்துல கூலியில்லாம உழைச்ச தலைமுறை அது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-லதான். என் அவசரக் கணக்கையும் அதையும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். ஆனா கூலி வராத நாள்னா என்னன்னு தெரிஞ்ச ஊர்ல, ஒருத்தரோட 6 நாளை நான் கணக்குலயே எழுதலை.

கொத்தனாருக்கு நாளுக்கு 1,000 வச்சா மொத்தம் 17,600 வந்திருக்கணும். குறைஞ்ச 8,600-ஐ ரெண்டு தவணையில நான் கொடுத்தேன். வீட்டுக்காரர்கிட்ட கேட்க முடியலை. விலை சொன்னது நான்தானே.

அன்னையிலிருந்து என் நோட்டுல இப்படித்தான் எழுதுறேன். தட்டைச் சுவர் சதுர அடியில். மூலை, ஜன்னல் ஓரம் எல்லாம் ஓட்ட அடியில், தனியா. 4-க்கு 4 ஜன்னல் இருந்தா 16 சதுர அடியைக் கழிப்போம். ஆனா அதைச் சுத்தி 16 அடி ஓரம் புதுசா வருது. பொருள் குறையும், வேலை கூடும். சுவர் தயார் செய்றது, பாயிண்டிங், கழுவுறது, சாரம் கட்டிப் பிரிக்கிறது ஒவ்வொண்ணுக்கும் தனி வரி. மலைன்னா மழைக்கும், பொருள் ஏத்தி வர்றதுக்கும் ஒரு வரி.

அப்புறம் முக்கியமானது: மொத்த விலை பேசுறதுக்கு முன்னாடி ஒருநாள் வேலை பார்க்கச் சொல்லுங்க. தட்டையில கொஞ்சம், மூலையில கொஞ்சம். பக்கத்துல நின்னு நேரம் குறிச்சுக்கோங்க. அந்த நாளுக்கும் முழுக் கூலி கொடுத்துடுங்க. அந்த அண்ணன் இப்பவும் என்கூட வேலைக்கு வர்றார். ஆனா நான் நாள் சொன்னா ஒத்துக்கிறதில்ல, சுவரைப் பார்த்துட்டு அவரே சொல்றார்.