கொரிய மொழி கற்க எந்த நூல்? எந்தப் பாடம்?



பெக்கோக், லாபிஸ், சாஆ வட்டாரங்களில் பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கொரிய நாடகங்களை விரும்பிப் பார்க்கிறார்கள். சிலர் அந்த மொழியையே கற்க வேண்டும் என்கிறார்கள். இதை வெறும் மோகம் என்று பெற்றோர் தள்ளிவிட வேண்டியதில்லை. 1982ஆம் ஆண்டிலேயே மலேசிய அரசு கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்து, ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் மாணவர்களை அனுப்பத் தொடங்கியது.

ஆனால் தோட்டப்புறத்திலிருந்து வாரந்தோறும் பெருநகருக்கு வகுப்புக்குப் போய்வருவது எல்லாருக்கும் இயலாது. வீட்டிலிருந்தே கற்க வேண்டுமானால் பணத்தை எதில் செலவிடுவது, எதில் செலவிடக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில் ஒரு நல்ல செய்தி. தமிழ் அறிந்தவருக்குக் கொரிய மொழியின் அமைப்பு அவ்வளவு அந்நியமானதன்று. 'நான் சோற்றை உண்கிறேன்' என்று நாம் சொல்லும் அதே வரிசையில்தான் கொரியரும் சொல்வர். வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். பெரியவரிடம் 'வாருங்கள்', சிறியவரிடம் 'வா' என்று நாம் வேறுபடுத்துவது போல அங்கும் மரியாதைப் படிகள் உண்டு. ஆங்கிலேயர் பாடுபட்டுப் பழகும் இவை நமக்குக் கைவந்தவை. இந்த ஒற்றுமையைக் கண்டு, ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டாலும் கற்பவருக்கு ஒற்றுமை உதவத்தான் செய்யும்.

எழுத்தும் அப்படியே. செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் இன்று 14 மெய்களும் 10 உயிர்களும் அடிப்படை. நாம் 'க்' என்பதையும் 'அ' என்பதையும் சேர்த்துக் 'க' என்பது போல, அவர்கள் மெய்யையும் உயிரையும் ஒரே கட்டத்துக்குள் அடுக்கி எழுதுவர். 'காகம்' என்ற சொல்லில் முதல் ககரம் வல்லெனவும் இரண்டாவது மெல்லெனவும் ஒலிப்பதைக் கவனியுங்கள். கொரிய மொழியிலும் ஒரே எழுத்து சொல்லின் முதலில் ஒருவாறும் இடையில் வேறுவாறும் ஒலிக்கும். 'காசு' என்பதன் இறுதியில் வரும் குறுகிய உகரம் போன்ற ஓர் உயிரும் அங்கே உண்டு.

இனி நூலுக்கு வருவோம். கடையிலோ இணையத்திலோ ஒரு நூலைப் பார்த்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, ஹங்குல் எழுத்தைத் தொடக்கத்திலேயே கற்பிக்கிறதா? கடைசிப் பக்கம் வரை ஆங்கில எழுத்திலேயே கொரியச் சொற்களை எழுதும் நூலை வாங்காதீர்கள். தலைநகரின் பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் பார்த்தவர் 'சியோல்' என்பார். கொரியரோ 'சொ-உல்' என்பர்.

இரண்டு, ஒலிப்பதிவு உண்டா? ஒலி இல்லாத மொழிநூல் உப்பில்லாப் பண்டம்.

மூன்று, பயிற்சிகளுக்கு விடை தரப்பட்டுள்ளதா? ஆசிரியர் இல்லாத வீட்டில் விடைப் பகுதிதான் ஆசிரியர். யோன்செய், சொகாங் முதலிய பல்கலைக்கழகங்களின் பாடநூல்கள் சிறந்தவை. ஆனால் அவை ஆசிரியர் நிற்கும் வகுப்பறைக்கென எழுதப்பட்டவை. தாராக்வொன் பதிப்பகத்தின் 'கொரியன் கிராமர் இன் யூஸ்' தொடக்கம், இடைநிலை, உயர்நிலை என மூன்று நூல்களாக, விடைகளுடன் வருகிறது. தாமே கற்பவருக்கு அது ஏற்றது.

நான்கு, விளக்கம் எந்த மொழியில் உள்ளது? பெரும்பாலான நூல்கள் ஆங்கிலத்திலேயே விளக்குகின்றன. பிள்ளைக்கு ஆங்கிலம் தடுமாறினால், இரண்டு பக்கம் படிக்கச் சொல்லிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

ஒரே நேரத்தில் ஐந்து நூல் வேண்டாம். இலக்கண விளக்கத்துக்கு ஒன்று, கேட்டுப் பழக ஒன்று, இது போதும். கேட்டுப் பழக, 2009இல் தொடங்கிய 'டாக் டு மீ இன் கொரியன்' என்ற இணையப் பாடத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். 'ஹவ் டு ஸ்டடி கொரியன்' என்ற தளம் இலக்கணத்தைக் கட்டணமின்றி விரிவாக விளக்குகிறது. கொரிய அரசின் ஆதரவில் இயங்கும் செஜோங் நிறுவனமும் இணையவழியில் பாடம் நடத்துகிறது. இவற்றில் மூன்று மாதம் பழகிய பின்னரே கட்டண வகுப்பைப் பற்றி யோசியுங்கள்.

கற்றது எவ்வளவு என்று அறிய 'டோப்பிக்' தேர்வு இருக்கிறது. அதில் ஆறு நிலைகள். முதல் இரண்டு நிலைகளுக்கான தாளில் கேட்டலும் வாசித்தலும் மட்டுமே. எழுதும் பகுதி மூன்றாம் நிலையிலிருந்துதான் வரும். சான்றிதழ் இரண்டாண்டுக்கே செல்லும். ஆகவே தேவை வருமுன் அவசரப்பட்டு எழுத வேண்டாம். முந்தைய வினாத்தாள்கள் தேர்வின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டிலேயே நேரம் குறித்து எழுதிப் பாருங்கள்.

இப்போது பெற்றோர் கவனமாகக் கேட்க வேண்டியது. 'மொழி கற்றால் கொரியாவில் தொழிற்சாலை வேலை உறுதி' என்று யாராவது முன்பணம் கேட்டால் நம்பாதீர்கள். 2004இல் தொடங்கிய கொரியாவின் வேலை அனுமதித் திட்டம் அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு. இலங்கை, நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகள் அதில் உள்ளன, மலேசியா இல்லை. சுற்றுலாப் பயணியாகப் போய் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது பிள்ளைதான், பணம் வாங்கியவர் அல்லர்.

நேரான வழியும் இருக்கிறது. கொரிய அரசின் உபகாரச் சம்பளத் திட்டத்துக்கு மலேசிய மாணவரும் விண்ணப்பிக்கலாம். தேர்ந்தெடுக்கப்படுவோர் பொதுவாக முதல் ஓராண்டு மொழி கற்று, டோப்பிக் மூன்றாம் நிலையை அடைந்த பிறகே பட்டப்படிப்புக்குச் செல்வர். பள்ளி மதிப்பெண் அங்கே முக்கியம். எஸ்.பி.எம். பாடங்களைக் கைவிட்டுவிட்டுக் கொரிய மொழியை மட்டும் பிடித்துக்கொள்வது, ஏணியை உதைத்துவிட்டு மாடி ஏறப் பார்ப்பதாகும்.

தாய்மார்களே, தந்தைமார்களே, நாளுக்கு அரைமணி நேரம் போதும். முதல் இரண்டு வாரம் எழுத்து மட்டும். அதன் பின் ஒரு நாளுக்கு ஐந்து சொல், ஒரு வாக்கியம். அதைப் பிள்ளை உரக்கச் சொல்லட்டும். பொருள் என்ன என்று நீங்கள் கேளுங்கள். அவன் தமிழில் விளக்கும்போது இரண்டு மொழியும் அவனுக்குள் வளரும். மூன்று மாதம் இந்த ஒழுங்கு நிலைத்தால், அப்போது நல்லதொரு நூலை வாங்கிக் கொடுங்கள். அந்தப் பணம் வீண் போகாது.