கத்திவாக்கம் என்று ஒரு ஊர் இருந்தது

(எண்ணூர் தெருமுனைக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத தோழர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம்.)



1708-ல வெள்ளைக்காரன் கம்பெனி அஞ்சு கிராமத்தை நவாப்கிட்ட இருந்து மானியமா வாங்கினான். திருவொற்றியூர், வியாசர்பாடி, சாத்தாங்காடு, நுங்கம்பாக்கம், கத்திவாக்கம். நல்லா கவனிங்க தோழர்களே, நுங்கம்பாக்கமும் நம்ம கத்திவாக்கமும் ஒரே நேரத்துல கைமாறின ஊருங்க. இன்னைக்கு அங்க ஒரு கிரவுண்டு என்ன விலை, இங்க என்ன விலை? ஏன்னு யோசிச்சுப் பாருங்க.

நுங்கம்பாக்கம் பட்டணத்தோட சேர்ந்துடுச்சு. நாம தனியாவே இருந்தோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு. முகத்துவாரத்துல இறாலும் நண்டும். அப்புறம் கார் கம்பெனி வந்தது, 1970-ல அனல்மின் நிலையம் வந்தது, 2001-ல துறைமுகம் வந்தது. வேலை கிடைச்சது, இல்லைன்னு சொல்லல. ஆனா சாம்பல் ஆத்துக்குள்ள போச்சு. வலை போட்ட இடத்துல இன்னைக்கு முட்டியளவு சேறு.

கடிதத்துல மட்டும் நாம எப்பவோ சென்னை ஆயிட்டோம், சென்னை-57! தபால்காரருக்குத் தெரிஞ்சது மாநகராட்சிக்குத் தெரிய 2011 வரைக்கும் ஆச்சு. அந்த வருஷம்தான் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டரா இருந்த சென்னையை 426 ஆக்கினாங்க. கத்திவாக்கம் நகராட்சி கலைஞ்சது. திருவொற்றியூர் மண்டலத்துல ஒரு மூலை ஆனோம்.

முன்னாடி தண்ணி வரலைன்னா நகராட்சி ஆபீஸ் வாசல்ல போய் நிப்போம். தலைவர் நம்ம தெருக்காரர், சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம். இப்போ முடிவு எடுக்கிற இடம் ரிப்பன் மாளிகை. இங்கிருந்து பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல. குப்பத்துல இருந்து ஒரு அம்மா ரெண்டு பஸ் மாறிப் போய் யாரைக் கேப்பாங்க?

சரி, கவுன்சிலர் இருக்காரேம்பீங்க. 2016 அக்டோபர்ல மன்றத்தோட காலம் முடிஞ்சது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல சென்னையில ஒரு கவுன்சிலர் கூட கிடையாது. அந்த அஞ்சு வருஷத்துக்குள்ளதான் 2017 ஜனவரி 28 வந்தது. துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கரைக்கு வந்தப்போ, வாளியில அள்ளினது யாரு? மீனவர்களும் கல்லூரிப் பசங்களும். வலைக்கு வந்த மீனை வாங்க ஆள் இல்ல. நம்ம ஊருக்காகப் போய்க் கேக்க மன்றத்துல ஒரு நாற்காலி கூட நமக்கு இல்ல.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மறுபடி எண்ணெய். மறுபடி படகுல உக்காந்து வாளி, மக்கு. அந்த மாசமே 26-ஆம் தேதி ராத்திரி அம்மோனியா கசிஞ்சது. பெரியகுப்பம், சின்னகுப்பம் சனம் பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு இருட்டுல ஓடினாங்க. மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு எந்தப் பக்கம் ஓடறதுன்னு யாரும் சொல்லிக் கொடுத்ததில்ல. இத்தனை ஆலைக்கு நடுவுல இருக்கிற ஊருக்கு அது தெரிஞ்சிருக்க வேண்டாமா?

பழையபடி தனி நகராட்சி ஆக்குங்கன்னு நான் கேக்கல. மாநகராட்சியில சேர்ந்ததால ரோடு, விளக்கு கொஞ்சம் வந்திருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஆனா ஊரைச் சேர்த்தவங்க ஊரோட குரலையும் சேர்த்து எடுத்துக்கணும்ல?

அதுக்கு ஒரு வழி இருக்கு. ஏரியா சபை. 2022-ல இருந்து சட்டப்படி நடக்கணும். பாதிப் பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது, தெரிஞ்சவங்க பத்துப் பேர் போய் டீ குடிச்சுட்டு வராங்க. அடுத்த கூட்டத்துக்கு ஒரு தெருவுக்கு அஞ்சு பேர் வாங்க, பெண்கள் கட்டாயம் வாங்க. கேக்க வேண்டியது ரெண்டே ரெண்டு. கசிவு நடந்தா எந்த சைரன், எந்த வழி, எந்த ஸ்கூல்ல ஒதுங்கறதுன்னு எழுத்துல வேணும். ஆத்துல கிடக்கிற சாம்பலை எந்தத் தேதிக்குள்ள அள்ளுவீங்கன்னு எழுத்துல வேணும். வாய்ல சொன்னா ஒத்துக்காதீங்க. தீர்மான நோட்டுல எழுதி, கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழ போடுங்க. மண்டல ஆபீசுக்கு நாங்க கொண்டு போறோம்.