வென்றவர்க்கு எஞ்சுவது யாது?



ஓய்வூதியம் அரசின் அருட்கொடையன்று, உழைத்தவரின் உரிமையே என்று 1982 டிசம்பர் 17ஆம் நாள் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், குடும்ப ஓய்வூதியத்தை வழக்காடி வென்ற அம்மையார் ஒருவர், கிடைத்த நிலுவையிற் பெரும்பகுதியை வக்கீல் கட்டணமாகவே இழந்ததை நான் கண்டேன்.

தோற்றவரே வென்றவரின் செலவை ஏற்றல் உரிமையியல் வழக்குகளின் பொது விதி; அதை மறுக்கும் நீதிமன்றம் காரணத்தை எழுதுதல் வேண்டும். அச்செலவு, வக்கீல் கட்டணம் உட்பட, நியாயமான உண்மைச் செலவாயிருத்தல் வேண்டுமென 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திற்று. ஆகவே மனுவிலேயே செலவுத்தொகையைக் கோருங்கள். ரசீதுகளைப் பேணி வையுங்கள்.

அதனினும் மேலான வழியும் உண்டு. வழக்கில் நியாயமிருப்பின், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றிச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை அமர்த்தித் தரும். அன்று அவ்வம்மையாருக்கு எடுத்துரைக்க நானும் இதனை அறிந்திலேன். இனி நாம் அறியாதிருத்தல் ஆகாது.