கொங்கு நாட்டுக் காப்புக் கட்டு



குடமுழுக்கு வேள்வியின் தொடக்கத்தில் ஆசாரியர் கையில் காப்பு அணிவதை இங்குள்ளோர் யாவரும் கண்டிருப்பர். கொங்கு நாட்டு உழவர் ஆண்டுக்கொருமுறை தம் மனைக்கும் நிலத்துக்கும் காப்பு அணிவிக்கின்றனர். மார்கழித் திங்களின் இறுதி நாளில், பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை ஆகியவற்றை ஒரு பிடியாகச் சேர்த்து, வீட்டுக் கூரையிலும் மாட்டுத் தொழுவத்திலும் கிணற்றடியிலும் வயலின் மூலைகளிலும் செருகுவர். மாவிலையும் தும்பையும் கூட்டுவாரும் உளர். திருப்பூரிற் பனியன் தொழிற்கூடங்களின் வாயிலிலும் அக்கொத்து தொங்குவதுண்டு. ஏர் பூட்டியவர் மக்கள் பொறி ஓட்டுகின்றனர். காப்பும் உடன் வந்தது. அதில் வியப்பில்லை.

இதனை வெறும் மந்திர மாயம் என்று இகழ்வார் ஒரு சாரார். சைவத்துக்குப் புறம்பு என்பார் மற்றொரு சாரார். இரண்டும் ஆராயாத கூற்று. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், எழுந்தருளியிருந்தபோது உடனிருந்த அடியார்களைப் பனிநோய் வருத்தியது என்றும், பிள்ளையார் திருநீலகண்டத்தின்மேல் ஆணை வைத்துப் பதிகம் அருளி அதனை அகற்றினார் என்றும் சேக்கிழார் பெருமான் விரித்துரைப்பர். பதிகத்துக்குப் பூங்கொத்து ஈடாகாது. ஆயினும், பனிக்காலத்து நோய் இல்லம் புகலாகாது என்னும் வேண்டுதல் இரண்டிடத்தும் ஒன்றே.

கொத்தில் உள்ளவை எவையென நோக்குக. ஆவிரையும் பூளையும் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் இடம்பெறுபவை. ஆவிரை, மழை குன்றிய செம்மண்ணிலும் பொன்னெனப் பூப்பது. பூளை உழாத தரிசில் தானே முளைப்பது. சிறுபீளை என்னும் பெயரால் சித்த மருத்துவர் அதனைக் கல்லடைப்புக்கு வழங்குவர். வேம்பின் பெருமை சொல்ல வேண்டுவதில்லை. வறண்ட நாட்டில் வாடாது நிற்பவற்றையே முன்னோர் காவலுக்கு அழைத்தனர். இவற்றுள் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை.

இன்றோ போகியன்று அப்பூக்கள் சந்தையில் கட்டுக் கட்டாக விலை போகின்றன. பூளை முளைத்த மேய்ச்சல் நிலங்கள் பல மனைப்பிரிவுகள் ஆயின. நொய்யலில் சாயக் கழிவு கலந்து, கரையோரக் கிணறுகளும் கெட்டன. கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத ஏற்பாடு அமையுமளவும் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டது. அதுவும் தைத் திங்களே. கிணற்றடியிற் காப்புக் கட்டிய ஊரினர், கிணற்று நீருக்குக் காப்பாக நிற்கவில்லை.

நந்தவனத்துக்குப் பொருளுதவும் செல்வர்களிடம் ஒரு விண்ணப்பம். அரளியும் மல்லிகையும் நடும்போது, வேலியோரம் நான்கு முழ நிலத்தைக் கொத்தாது விடுக. பூளை தானே வரும். ஐப்பசி மழைக்கு முன் ஆவிரை விதையைத் தூவிவைக்கலாம். மார்கழிக் கடை நாளில் இவ்வூர்ப் பெண்டிர் வந்து, ஆளுக்கொரு பிடி பறித்துச் செல்வர்.