பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கட்டப்படும் ஊர்



ஜொகூர் பாருவில் வீடு போதவில்லை என்று ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். தஞ்சோங் புத்திரியில் நிமிர்ந்து பாருங்கள். டங்கா பே கடற்கரையில் இரவு எட்டு மணிக்கு நின்று, எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். கட்டி முடித்தும் விற்காமல் தேங்கிக் கிடக்கும் வீடுகளின் தேசியக் கணக்கில் நம் மாநிலம் பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது. வீடு இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் கட்டுப்படியாகும் வீடுதான் இல்லை. இது மழை வெள்ளம்போலத் தானாக வந்த துன்பமா? இல்லை. யாருக்கு நிலம், யாருக்கு அனுமதி, எந்த விலைக்கு வீடு என்று கையெழுத்துப் போட்டு முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

2006 நவம்பரில் தென் ஜொகூருக்கான இஸ்கண்டார் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த பத்து ஆண்டுகளில் கடலோரம் முழுவதும் கண்ணாடிக் கோபுரங்கள் முளைத்தன. 2013இல் தஞ்சோங் புத்திரியில் 116 ஏக்கர் நிலம் 450 கோடி வெள்ளிக்கு ஒரு சீன நிறுவனத்திடம் போனது. கேலாங் பாத்தா பக்கம் கடலையே தூர்த்து, நான்கு தீவுகளில் 7 லட்சம் பேர் வாழப்போகிறார்கள் என்று ஃபாரஸ்ட் சிட்டியை அறிவித்தார்கள். அந்த 7 லட்சத்தில் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒருவராவது உண்டா? வெளிநாட்டார் வாங்கும் வீட்டுக்கு 2014இல் நம் மாநிலம் குறைந்தபட்ச விலையை 10 லட்சம் வெள்ளியாக உயர்த்தியது. உள்ளூர் மக்களைக் காப்பாற்ற என்றார்கள். மேம்பாட்டாளர்கள் அதை வேறு மாதிரி படித்துக்கொண்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் விலை வைத்தால் அக்கரைச் சிங்கப்பூர்க்காரருக்கும் விற்கலாம் என்று அதற்கேற்பவே கட்டினார்கள்.

ஒரு கணக்கைப் போடுவோம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400. குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப்போல மூன்று மடங்குக்குள் வீட்டு விலை இருந்தால்தான் அது கட்டுப்படியாகும் என்பது கசானா ஆய்வுக் கழகம் எடுத்துக்கொண்ட அளவுகோல். அப்படியானால் கணவனும் மனைவியும் குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலைக்குப் போகும் வீட்டுக்கு எட்டும் விலை 122,400 வெள்ளி. இந்த ஊரில் புதிதாக எழும் இரட்டை மாடி வரிசை வீட்டின் விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். 5 லட்சத்துக்குக் கீழே ஒன்று கண்ணில் பட்டால் எனக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.

உடனே பதில் ஒன்று தயாராக வரும்: “சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்யேன்.” ஒரு சிங்கப்பூர் வெள்ளி நம் மூன்று வெள்ளிக்கு மேல் பெறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கிறார்கள். தூக்கத்தை விற்றுச் சம்பாதிக்கும் அந்தப் பிள்ளைகள்மேல் யாரும் பழி போடாதீர்கள். அவர்களால்தான் வாடகை ஏறுகிறது என்று பேசுகிறவர்கள் உண்மையான பொறுப்பாளிகளைத் தப்ப விடுகிறார்கள். ஆனால் ஊரில் இருக்கும் ஆசிரியை, தாதி, பஸ் ஓட்டுநர், துப்புரவுத் தொழிலாளி எல்லாருமே அக்கரைக்குப் போய்விட்டால் இந்த ஊரை யார் நடத்துவது?

அக்கரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அக்கரையிடம் கற்றுக்கொள்ளட்டும். அங்கே 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை அமைத்து அரசாங்கமே கட்டியது. இன்று அந்நாட்டு மக்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் அரசாங்கம் கட்டிய வீட்டில் வாழ்கிறார்கள். வெளிநாட்டவர் அங்கே வீடு வாங்கினால், 2023 ஏப்ரலிலிருந்து கூடுதல் முத்திரை வரியே 60 விழுக்காடு. நம் நாட்டில் வெளிநாட்டார் கட்டும் முத்திரை வரி 2024இல் 4 விழுக்காடு, 2026 முதல் 8. தன் மக்கள் தலைக்கு மேல் கூரை இருக்கவேண்டும் என்று அவர்கள் சட்டம் போட்டார்கள். நாம் அவர்கள் வந்து வாங்குவார்கள் என்று ஊரையே கடை விரித்தோம்.

தமிழர்களே, இந்த ஊரில் நாம் குடிவந்தவர்கள் என்று நினைத்துக் கூனிக் குறுகி நிற்காதீர்கள். இன்று மௌன்ட் ஆஸ்டின் என்றால் காப்பிக் கடையும் பேரங்காடியும் இரவு முழுக்க வெளிச்சமும். நேற்று வரை அது ரப்பர் தோட்டம். அந்தப் பால்மரங்களை வெட்டு வைத்து வளர்த்தவர்கள் நம் பாட்டன், பாட்டி. தோட்டம் என்ற சொல் இன்று அங்கே தமிழ்ப்பள்ளியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் குடியிருந்த லயத்து வீடு துரைக்குச் சொந்தம், கம்பெனிக்குச் சொந்தம். மூன்று தலைமுறை அதில் பிள்ளை பெற்றாலும் வேலை போனால் வீடும் போகும். 1990இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் சுவருக்கும் தண்ணீருக்கும் தரம் சொன்னது. அந்த வீட்டின்மேல் ஓர் அங்குல உரிமையும் சொல்லவில்லை. தோட்டம் தாமானாக, வீடமைப்புப் பகுதியாக மாறியபோது நிலம் வைத்திருந்தவன் கோடி பார்த்தான், நிலத்தை வளமாக்கியவன் மூட்டை கட்டினான். அவன் பிள்ளைதான் இன்று லார்க்கினிலும் தம்போயிலும் பிளாட்டில் வாடகைக்கு இருக்கிறான். அவனை இன்னொரு முறை மூட்டை கட்டச் சொல்கிறார்கள்.

இப்படி மூட்டை கட்டுவதைத் தடுத்துக் காட்டிய ஒரு வரலாறும் நமக்கு உண்டு. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பல் ஏறின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கும் நிலை. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை சேர்த்தார். அந்தக் காசில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பின்னால் பல தோட்டங்கள் வந்தன. பால்மரம் வெட்டியவன் பங்குதாரன் ஆனான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் செய்த காரியம் இது! கையில் ஸ்மார்ட்போனும் பட்டமும் வைத்திருக்கும் நாம், அறுபது ஆண்டு கழித்து, ஒரு வீட்டுக் கூட்டுறவுக்குக் கூட முயலாமல் ஏன் கைகட்டி நிற்கிறோம்?

இனி அவசரமான செய்திக்கு வருகிறேன். புக்கிட் சாகாரில் ரயில் நிலையம் எழும்பிவிட்டது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர், ஐந்து நிமிடப் பயணம், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர். 2026 இறுதியை இலக்காக வைத்து வேலை நடந்தது. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் வந்துவிட்டது. ரயிலை நான் எதிர்க்கவில்லை. பாலத்தில் மணிக்கணக்கில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு அது வரம். ஆனால் அதே புக்கிட் சாகாரிலும் பக்கத்து லும்பா குடாவிலும் ஒரு காலத்தில் சாதாரணக் குடும்பங்கள் வாழ்ந்த அடுக்குமாடி பிளாட்டுகள் இருந்தன என்பதை இளைஞர்களே, உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? எல்லை வளாகத்துக்காக அந்த மக்களைக் கிளப்பினார்கள், கட்டடங்களை இடித்தார்கள். ஊரின் நடுவில், நடந்தே வேலைக்குப் போன மக்கள் அவர்கள். இன்று ரயிலுக்கு நடந்து போகும் தூரம் என்று விளம்பரம் செய்து அதே வட்டாரத்தில் வீடு விற்கிறார்கள்.

வாங்க வழியில்லாதவர்கள் வாடகைக்கு இருக்கிறோம். அங்கேயும் நமக்குக் காவல் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும், அடுத்த மாதத்திலிருந்து வாடகை கூடுகிறது என்று. கேள்வி கேட்டால் வீட்டைக் காலி செய் என்பார்கள். மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. பழைய கட்டடங்களுக்கு இருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்தது. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் அதற்குப் பிறகு கடைவீடுகளை விட்டு வெளியேறினார்கள். கோயில் தெருவில் இருக்கும், கடை தெருவில் இருக்கும், அங்கே வாழ்ந்த மக்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். நம் கோயிலும் கடையும் நிற்கும் ஜாலான் உங்கு புவானுக்கும் அந்தக் கதி வரவேண்டுமா?

வாடகை வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்க் குடும்பம் என்றால் வீடு தர மறுக்கும் விளம்பரங்களைப் பார்த்துக் கொதிக்கிறோம். சிங்கை வெள்ளியில் சம்பளம் வாங்குகிறவருக்கு மட்டும்தான் தருவேன் என்று நீங்களே சொன்னால் அந்தக் கொதிப்புக்கு என்ன மதிப்பு?

மாநில அரசிடம் நாம் கேட்பது பிச்சை இல்லை. ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் எட்டும் தூரத்தில் அரசு நிலத்தில் வாடகை வீடுகள் கட்டுங்கள். பிபிஆர் எனும் மக்கள் வீடமைப்புத் திட்ட வீட்டுக்கு மாதம் 124 வெள்ளி வாடகை வாங்கி நடத்தும் நாடு இது, முடியாது என்று சொல்லாதீர்கள். மேம்பாட்டாளர் கட்டவேண்டிய கட்டுப்படி விலை வீடுகளை ஊருக்கு வெளியே பஸ் போகாத மூலையில் கட்ட விடாதீர்கள். கட்டும் திட்டத்துக்குள்ளேயே கட்டச் சொல்லுங்கள். குடியிருப்பு வாடகைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவர உங்கள் உறுப்பினர்களை எழுந்து பேசச் சொல்லுங்கள். இடிக்கவேண்டி வந்தால், அங்கிருந்தவர்களுக்கு அதே வட்டாரத்தில் மாற்று வீடு கொடுத்த பிறகே இடியுங்கள்.

கேட்கிறவன் பட்டியலில் இருக்கவேண்டும் அல்லவா? கட்டுப்படி விலை வீட்டுக்கு மாநிலத்தில் விண்ணப்பப் பதிவு இருக்கிறது. நம்மில் பாதிப்பேர் “நமக்கெங்கே கிடைக்கும்” என்று பெயரே கொடுப்பதில்லை. பெயர் இல்லாதவனைக் கணக்கில் எடுக்க எந்த அதிகாரிக்கும் கடமை இல்லை. இன்று வாசலில் மேசை போட்டு இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் இருப்பவர்கள் இப்போதே பதியுங்கள், இல்லாதவர்கள் என்னென்ன பத்திரம் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு மாநகர் மன்றத்துக்கு நாம் எல்லோரும் சேர்ந்து போவோம். பதியாமல் யாரும் வாசலைத் தாண்டாதீர்கள்.